ஏலத்தரி கடல் கடந்த கதை

தேநீரில் ஏலக்காயைத் தட்டிப் போடுகிறவர் அதன் அறிவியற் பெயரை நினைப்பதில்லை. ‘எலெட்டேரியா கார்டமோமம்’ என்பது அது. கேட்டவுடன் முழுவதும் அயல்மொழி என்றே தோன்றும். ஆனால் அதன் முற்பகுதி, மலையாளிகள் வழங்கும் ‘ஏலத்தரி’யே! பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளின் ஏலமணத்தில் வளர்ந்து, இன்று தாவரவியல் பயிலும் எனக்கு, அச்சொல்லைக் கடல் கடத்தியவரின் வரலாறு தனிச்சுவை உடையது.

அவர் ஹென்ட்ரிக் வான் ரீடு. 1636-இல் ஒல்லாந்து நாட்டில் பிறந்தவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் போர்வீரராகக் கீழ்த்திசை வந்தார். 1663-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றிய படையில் இருந்தார். 1670-களில் மலபாரின் ஆளுநராக விளங்கினார்.

கம்பெனிக்குள் அப்போது ஒரு பூசல். கொச்சியைவிடக் கொழும்பே சிறந்தது என்றார் மேலதிகாரி வான் கூன்ஸ். மலபாரின் வளத்தை மெய்ப்பிக்க ரீடு எடுத்த படைக்கலம் எது தெரியுமா? செடிகொடிகள்!

பயிற்சி பெற்ற தாவரவியலாளர் அல்லர் அவர். ஆகவே அறிந்தவர்களை நாடினார். சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், கொங்கணி அந்தணர்களான ரங்கபட்டர், விநாயகபட்டர், அப்புபட்டர் ஆகியோர் மூலிகைகளின் பெயரும் பயனும் கூறினர். அச்சுதன் சொன்னவை போர்ச்சுகீசியத்துக்கும், டச்சுக்கும், பின்னர் லத்தீனுக்கும் பெயர்ந்தன. இவ்வாறு உருவான ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. 700-க்கு மேற்பட்ட தாவரங்கள் அதில் உள்ளன.

முழுநூலையும் காண ரீடுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1691 டிசம்பரில் கப்பற்பயணத்திலேயே இறந்தார். சூரத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஏலத்தரி இடம்பெற்ற 11-ஆம் தொகுதி மறு ஆண்டுதான் அச்சேறியது. அச்சொல்லிலிருந்தே 1811-இல் ஆங்கில மருத்துவர் மேட்டன் எலெட்டேரியா என்ற பேரினப் பெயரை அமைத்தார். புங்கமரத்தின் ‘பொங்கேமியா’வும் இந்நூல் வழி வந்ததே.

ரீடு வாளோடு வந்தவர், வணிகத்துக்காக உழைத்தவர். அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் கற்பித்தவர்களின் பெயரை அவர் விழுங்கிவிடவில்லை. அச்சுதனும் மூன்று பட்டர்களும் அளித்த சான்றுரைகளை முதல் தொகுதியிலேயே அச்சிட்டார். இல்லையேல் அந்நால்வரை இன்று யார் அறிவார்?

தோழர்களே! நம் வீட்டுப் பாட்டியர் அறிந்த பச்சிலைகள் எத்தனை! அடுத்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் அருகில் அமருங்கள். இலையின் பெயரை எழுதுங்கள். அதன் கீழே, சொன்னவரின் பெயரையும் எழுதுங்கள்.