வீட்டுக்கு வீடு பாட வைத்தவர்: ஸ்டானிஸ்வாவ் மோனியுஷ்கோ



போலந்து நாட்டு இசை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும் பெயர் ஷோப்பான். பிள்ளைகளை பியானோ, கீபோர்டு வகுப்புக்கு அனுப்பும் வீடுகளில் இந்தப் பெயர் அடிபடாமல் இருக்காது. ஷோப்பான் இருபது வயதில் போலந்தை விட்டுக் கிளம்பி, பாரிஸில் வாழ்ந்து, உலகப் புகழ் பெற்றார். ஆனால் போலந்து மக்கள் தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் பாடிய பாட்டுகளைத் தந்தவர் வேறொருவர். அவர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார், வீடு வீடாகப் போய் பியானோ சொல்லிக் கொடுத்தார், பத்துப் பிள்ளைகளை வளர்த்தார். இதற்கிடையில்தான் போலந்தின் தேசிய ஓபராவையும் உருவாக்கினார். அவர் பெயர் ஸ்டானிஸ்வாவ் மோனியுஷ்கோ. இந்தக் காலாண்டு இதழில் அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

வரைபடத்தில் இல்லாத நாடு

மோனியுஷ்கோவின் வாழ்க்கை புரிய வேண்டுமானால் முதலில் ஒரு விஷயம் தெரிய வேண்டும். அவர் பிறந்தபோது போலந்து என்று ஒரு சுதந்திர நாடே கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகளும் 1772, 1793, 1795 என மூன்று தவணையாக அந்த நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டன. 1918 வரை இதே நிலைதான். நாடு போய்விட்டது, அரசு போய்விட்டது. மிச்சம் இருந்தவை மொழியும் பாட்டும் மட்டுமே. அவற்றின் மேலும் தணிக்கை அதிகாரியின் கண் இருந்தது.

இந்தச் சூழலில் 1819 மே 5 அன்று, மின்ஸ்க் நகருக்கு அருகே உபியேல் என்ற ஊரில் மோனியுஷ்கோ பிறந்தார். அந்த ஊர் இன்று பெலாரஸ் நாட்டில் இருக்கிறது. அப்பா செஸ்வாவ், நெப்போலியன் காலப் போர்களில் குதிரைப்படையில் இருந்தவர். அம்மா எல்ஷ்பியேதாதான் முதல் இசை ஆசிரியர். போலந்தின் பழைய வரலாற்றைச் சொல்லும் பாடல்களை அவர் பாட, மகன் கேட்டு வளர்ந்தான். அப்பாவின் சகோதரர் டொமினிக், தன் பண்ணை நிலத்தை அதில் உழைத்த குடியானவர்களுக்கே பிரித்துக் கொடுத்தவர். பண்ணையாளுக்கும் மனித மரியாதை உண்டு என்பது இப்படிக் குடும்பத்துக்குள்ளேயே பழகிய விஷயம். பின்னாளில் மோனியுஷ்கோவின் ஓபராக்களில் இதன் தடயத்தைப் பார்க்கலாம்.

எட்டு வயதில் குடும்பத்தோடு வார்சா நகருக்கு வந்தார். அங்கே ஆகஸ்ட் ஃபிரேயர் என்ற பெயர் பெற்ற ஆர்கன் கலைஞரிடம் பாடம். பிறகு மின்ஸ்கில் படிப்பு. 1837 முதல் 1840 வரை பெர்லினில் கார்ல் ஃபிரெட்ரிக் ருங்கன்ஹாகன் என்ற ஆசிரியரிடம் இசையமைப்பும் சேர்ந்திசைக் குழுவை நடத்தும் முறையும் கற்றார்.

ஆர்கன் மாடமும் பியானோ டியூஷனும்

1840இல் அலெக்சாண்ட்ரா முல்லரைத் திருமணம் செய்துகொண்டு வில்னியஸ் நகரில் குடியேறினார். இன்று அது லித்துவேனியாவின் தலைநகரம். அப்போது ரஷ்யப் பேரரசின் ஒரு மாகாண நகரம். 1830-31இல் நடந்த கிளர்ச்சி தோற்ற பிறகு, 1832இல் அங்கிருந்த புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தை ஜார் மன்னர் மூடிவிட்டார். அந்தப் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய புனித யோவான் தேவாலயத்தில்தான் மோனியுஷ்கோவுக்கு ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்தது.

தேவாலயங்களில் இருக்கும் குழாய் ஆர்கனை நேரில் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் ஆர்மோனியம் போல இதிலும் காற்றுதான் ஒலி எழுப்புகிறது. ஆனால் நூற்றுக்கணக்கான குழாய்கள் வழியாக. கைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்டை வரிசைகள், கால்களுக்குத் தனிக் கட்டைகள். மின்சாரம் இல்லாத அந்தக் காலத்தில் துருத்தியை இயக்க வேறு ஆளும் வேண்டும். பூசை நடக்கும்போது பின்னால் உயரத்தில் உள்ள மாடத்தில் உட்கார்ந்து வாசிப்பவரின் முகம் கீழே இருக்கும் மக்களுக்குத் தெரியாது, இசை மட்டும் காதில் விழும்.

சம்பளம் போதவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பிறந்து பத்துப் பேர் ஆனார்கள். பகலெல்லாம் வீடு வீடாக பியானோ டியூஷன். அத்தனை நெருக்கடியிலும் திறமையான ஒரு சிறுவனைக் கண்டால் காசைப் பார்க்கவில்லை. செசார் க்யூயி என்ற வில்னியஸ் பையனுக்குச் சில மாதங்கள் கட்டணமே வாங்காமல் இசையமைப்பு சொல்லிக் கொடுத்தார். அந்தப் பையன் பின்னாளில் ரஷ்ய ராணுவத்தில் கோட்டை அரண் நிபுணராகவும், ரஷ்ய இசையின் 'ஐவர்' என்று அழைக்கப்படும் குழுவில் ஒருவராகவும் ஆனார்.

வீட்டுப் பாட்டுப் புத்தகம்

மேடைக் கச்சேரி பெரிய நகரங்களில் நடக்கும். ஓபராவுக்குப் பெரிய அரங்கமும் அரசின் அனுமதியும் வேண்டும். வீட்டில் பாட இவை எதுவும் தேவையில்லை. மோனியுஷ்கோ இதை நன்றாகப் புரிந்துகொண்டார். 1840களில் தொடங்கி, 'வீட்டுப் பாட்டுப் புத்தகம்' என்ற பெயரில் தொகுதி தொகுதியாகப் பாடல்களை வெளியிட்டார். மொத்தம் 12 தொகுதிகள். ஆறு அவர் இருக்கும்போதே வந்தன, மற்றவை அவர் மறைந்த பிறகு. 260க்கும் மேற்பட்ட பாடல்கள்.

இந்தப் பெயரில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. 'தேசியப் பாட்டு' என்று அட்டையில் போட்டால் தணிக்கை அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். 'வீட்டுப் பாட்டு' என்றால் யாருக்கும் உறுத்தாது. ஆனால் உள்ளே இருந்தவை பெரும்பாலும் ஆதாம் மித்ஸ்கியேவிச், சிரோகோம்லா, சேச்சோட் போன்ற போலந்துக் கவிஞர்களின் வரிகள். மெட்டுகளோ மக்களுக்குப் பழகிய மசூர்கா, பொலோனேஸ் நடைகளைத் தழுவியவை.

எழுதும்போதே பாடப் போகிறவர்களை அவர் மனத்தில் வைத்திருந்தார். பெரும் வித்துவான்களுக்கு என்று எழுதவில்லை. சுமாராக பியானோ வாசிக்கத் தெரிந்த அக்கா வாசிக்க, ஓரளவு குரல் உள்ள தம்பி பாடலாம். நூல் நூற்கும் பெண்ணைப் பற்றிய 'ப்ஷான்ஷ்னிச்கா' என்ற பாட்டு இவற்றில் மிகப் பிரபலம். பியானோவில் இராட்டை சுற்றும் ஓசை ஓடிக்கொண்டே இருக்க, மேலே பாட்டு வரும். ஊருக்குப் போன காதலனுக்காக அழுத பெண், அன்று மாலையே வேறொருவனோடு சிரித்துப் பேசுவதைச் சொல்லும் குறும்பான பாட்டு அது. நெசவாலைகளுக்குப் பெயர் போன வூச் நகரம், இந்த மெட்டையே தன் நகரத்தின் அடையாள இசையாக வைத்திருக்கிறது.

ஹல்கா: பத்து ஆண்டுக் காத்திருப்பு

அதே காலத்தில் வோவ்ஜிமியேஷ் வோல்ஸ்கி என்ற இளங்கவிஞர் எழுதிக் கொடுக்க, 'ஹல்கா' என்ற ஓபராவை மோனியுஷ்கோ அமைத்தார். மலைநாட்டுப் பண்ணையடிமைப் பெண் ஹல்கா. அவளைக் காதலிப்பதாகச் சொன்ன பண்ணையார் யானுஷ், வயிற்றில் பிள்ளையோடு அவளைக் கைவிட்டு, பணக்கார வீட்டுப் பெண்ணை மணக்கிறான். ஹல்காவை உண்மையாக நேசிக்கும் அவள் ஊர்க்காரன் யோன்டெக் எவ்வளவோ எடுத்துச் சொல்கிறான். திருமணம் நடக்கும் தேவாலயத்துக்கே தீ வைக்கத் துணிகிறாள் ஹல்கா. உள்ளிருந்து வரும் பிரார்த்தனைப் பாட்டைக் கேட்டதும் மனம் மாறி, தீப்பந்தத்தை எறிந்துவிட்டு, ஆற்றில் குதித்து உயிரை விடுகிறாள்.

1848 ஜனவரி 1 அன்று வில்னியஸில், காட்சி அமைப்பு எதுவும் இல்லாமல், பெரும்பாலும் தொழில்முறை அல்லாத பாடகர்களைக் கொண்டு முதன்முதலாக இதைப் பாடினார்கள். ஆனால் வார்சாவின் பெரிய அரங்கம் கதவைத் திறக்கவில்லை. காரணம் இருந்தது. 1846இல் ஆஸ்திரியா ஆண்ட பகுதியில் குடியானவர்கள் நிலப்பிரபுக்களுக்கு எதிராக எழுந்து பலரைக் கொன்றிருந்தார்கள். ரஷ்யா ஆண்ட பகுதிகளில் பண்ணையடிமை முறை இன்னும் சட்டப்படி நடந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் பண்ணையாரைக் குற்றவாளியாகக் காட்டும் ஓபராவை யார் மேடையேற்றுவார்கள்?

மோனியுஷ்கோ காத்திருந்தார். ஆர்கன் வாசித்தார், டியூஷன் எடுத்தார். 1854இல் வில்னியஸ் மேடையிலேயே ஒருமுறை நடந்தது. இரண்டு அங்கமாக இருந்ததை நான்கு அங்கமாக விரித்தார். யோன்டெக்கின் சோகப் பாட்டு, மலைநாட்டு நடனம், மசூர் நடனம் எல்லாம் சேர்ந்தன. சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1858 ஜனவரி 1 அன்று வார்சாவில் 'ஹல்கா' அரங்கேறியது. ஒரே இரவில் புகழ் வந்தது. அந்த ஆண்டே வார்சாவில் போலந்து ஓபராவை நடத்தும் பொறுப்பு கிடைத்தது. பதினெட்டு ஆண்டு வில்னியஸ் வாழ்க்கை முடிந்தது. 1868இல் பிராகா நகரில் 'ஹல்கா' நடந்தபோது அதை நடத்தியவர் செக் இசைமேதை ஸ்மெட்டனா.

மூன்றே காட்சிகளில் தடை

1863இல் ரஷ்ய ஆட்சிக்கு எதிராக மீண்டும் கிளர்ச்சி, மீண்டும் தோல்வி. தூக்குத் தண்டனை, சைபீரியாவுக்கு நாடுகடத்தல் என்று வார்சாவே துக்க வீடாக இருந்தது. இந்த இருட்டில் மோனியுஷ்கோ கொடுத்தது ஒரு நகைச்சுவை ஓபரா. பெயர் 'பேய் மாளிகை'. போரிலிருந்து திரும்பும் சகோதரர்கள் இருவர், நாடு அழைத்தால் உடனே கிளம்ப வேண்டும், அதனால் கல்யாணமே வேண்டாம் என்று சபதம் எடுக்கிறார்கள். ஒரு பழைய மாளிகையில் இரண்டு பெண்கள் அந்தச் சபதத்தைக் குலைக்கிறார்கள். இதுதான் கதை. நடுவே நள்ளிரவில் ஒரு பழைய கடிகாரம் இசைக்க, அதைக் கேட்டு ஒரு சகோதரன் மறைந்த தன் தாயை நினைத்துப் பாடுவான்.

மேலோட்டமாகப் பார்த்தால் சிரிப்புதான். ஆனால் மேடையில் பழைய போலந்து உடை, பழைய போலந்து வீடு, பழைய போலந்து நடனம். பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்தது. அதிகாரிகளுக்கும் புரிந்தது. 1865 செப்டம்பர் 28 அன்று அரங்கேறிய ஓபராவை மூன்றே காட்சிகளோடு நிறுத்திவிட்டார்கள்.

தமிழ்ச் சொல்லிலிருந்து ஒரு ஓபரா

இவருடைய படைப்புகளில் ஒன்றுக்கு நம்மோடு நேரடித் தொடர்பு உண்டு. 1869 டிசம்பரில் வார்சாவில் அரங்கேறிய அந்த ஓபராவின் பெயர் 'பரியா'. பறை என்ற இசைக் கருவியோடு இணைந்த தமிழ்ச் சமூகம் ஒன்றின் பெயர், போர்த்துகீசியர் வழியாகக் கடல் கடந்து, ஐரோப்பிய மொழிகளில் 'சமூகம் ஒதுக்கி வைத்தவர்' என்ற பொருளில் புழங்கத் தொடங்கியது. ஒரு சமூகத்தின் பெயரையே இப்படி ஆக்கிவிட்டதன் வலி நமக்குப் புரியும்.

பிரெஞ்சு நாடகாசிரியர் காசிமிர் தெலவீன் எழுதிய நாடகத்தைத் தழுவிய கதை இது. நடக்கும் இடம் காசி. போரில் வென்று புகழ் பெற்ற தளபதி இதமோர், தன் பிறப்பை மறைத்து வாழ்கிறான். தலைமைப் பூசாரியின் மகளை மணக்கும் நாளில் அவனுடைய வயதான தந்தை தேடி வருகிறார். உண்மை வெளிப்படுகிறது, இதமோர் கொல்லப்படுகிறான்.

மோனியுஷ்கோ இந்தியாவைப் பார்த்ததில்லை. கதையில் வரும் காசியும் ஐரோப்பியக் கற்பனைதான். ஆனால் 'ஹல்கா'வில் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்டார்: பிறப்பை வைத்து ஒரு மனிதனை வெளியே நிறுத்த நமக்கு என்ன உரிமை? அன்று இந்த ஓபராவுக்குப் பெரிய வரவேற்பு இல்லை.

ஆசிரியராகக் கடைசி ஆண்டுகள்

1864 முதல் வார்சா இசைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். சுர ஒத்திசைவைக் கற்பிக்கும் பாடநூல் ஒன்றை எழுதி 1871இல் வெளியிட்டார். அவரிடம் படித்த ஜிக்முன்ட் நொஸ்கோவ்ஸ்கி பின்னாளில் பெரிய இசையமைப்பாளராகவும் ஆசிரியராகவும் விளங்கினார். நொஸ்கோவ்ஸ்கியிடம் படித்தவர்தான் இருபதாம் நூற்றாண்டுப் போலந்து இசையின் முன்னோடி கரோல் ஷிமனோவ்ஸ்கி. குரு, சிஷ்யர், சிஷ்யரின் சிஷ்யர் என்று அந்த வரிசை அறுபடவில்லை.

1872 ஜூன் 4 அன்று மாரடைப்பால் மோனியுஷ்கோ இறந்தார். வயது 53. ஊர்வலம் நடத்தவும் கொடி பிடிக்கவும் முடியாத அந்த நகரத்தில், அவருடைய இறுதி ஊர்வலமே மக்கள் ஒன்றுகூடும் நாளாக ஆகிவிட்டது. பெருங்கூட்டம் போவோன்ஸ்கி கல்லறைத் தோட்டம் வரை நடந்தது.

இரண்டாம் உலகப் போரில் இடிந்த வார்சாவின் பெரிய அரங்கத்தை மீண்டும் கட்டி 1965இல் திறந்தபோது, தடை செய்யப்பட்டிருந்த அதே 'பேய் மாளிகை'யைத்தான் மேடையேற்றினார்கள். அந்த அரங்கத்தின் முன் இன்று அவருடைய சிலை நிற்கிறது. 2019இல், அவருடைய 200ஆவது ஆண்டில், வார்சா சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

நாடு இருக்கிறதா இல்லையா என்பதை மூன்று பேரரசுகள் முடிவு செய்த காலத்தில், வீட்டுக் கூடத்தில் என்ன பாடுவது என்பதை மக்களே முடிவு செய்ய அவர் வழி செய்தார். அந்தப் பாட்டுகள் அரங்கம் மூடிய நாட்களிலும் நிற்கவில்லை.

நேரம் கிடைத்தால் யூடியூபில் 'ஹல்கா'வின் மசூர் நடனத்தையும், நூல் நூற்கும் பெண்ணின் பாட்டையும், 'பேய் மாளிகை'யின் கடிகாரப் பாட்டையும் தேடிக் கேளுங்கள். மொழி புரியாது, ஆனால் இராட்டை சுற்றுவது நிச்சயம் காதில் விழும். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.