செங்காய்ச்சலின் விஷத்தைக் கண்டறிந்த டாக்டர் அம்மாள்

1901-ம் ஆண்டு சிகாகோ கோடீஸ்வரர் மக்கார்மிக் குடும்பத்தில் ஒரு சாவு. எண்ணெய் அரசர் ராக்ஃபெல்லரின் பேரனான சின்னஞ்சிறு பாலகன் ஸ்கார்லெட் ஜுரத்துக்குப் பலியானான். அத்தனை செல்வம் இருந்தும் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. பெற்றோர் அவன் பெயரால் தொற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவினர். அந்த ஜுரத்துக்கு மாற்று மருந்தை அங்கிருந்தே கண்டு சொன்னவர்களில் ஒருவர் டாக்டர் கிளாடிஸ் டிக்.

இவர் 1881-ல் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்தவர். பெண் டாக்டருக்குப் படிப்பதைத் தாயார் ஒப்பவில்லை. பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தபடி காத்திருந்தார். பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சேர்ந்து 1907-ல் பட்டம் பெற்றார். 1911-ல் சிகாகோ வந்தவரை அதே ஜுரம் பிடித்தது. பிழைத்து எழுந்தார். உடன் உழைத்த டாக்டர் ஜார்ஜ் டிக்கை 1914-ல் மணந்தார்.

தொண்டையில் புண், மேலெல்லாம் சிவப்புத் தடிப்பு. இதற்கு எந்தக் கிருமி காரணம் என்பதில் டாக்டர்களுக்குள் ஒற்றுமை இல்லை. தம்பதியர் பல ஆண்டு பாடுபட்டு, தாமே முன்வந்த மனிதர்களிடம் சோதித்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியே குற்றவாளி என்று 1923-ல் அறிவித்தனர். கிருமி தொண்டையோடு நின்றுவிடும். அது கக்கும் விஷமே ரத்தத்தில் பரவி உடம்பைச் சிவக்க வைக்கும். அந்த விஷத்தில் துளியை முன்கைத் தோலில் ஏற்றினால் ஒரு நாளில் தெரிந்துவிடும்: சிவந்தால் எதிர்ப்புச் சக்தி இல்லை, சிவக்காவிட்டால் பயமில்லை.

அடுத்து, அதே விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றினர். குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஊறியது. அதிலிருந்து பிரித்த சீரத்தை நோயின் தொடக்கத்திலேயே போட்டால் ஜுரம் தணிந்தது. ஆனால் குதிரைச் சீரம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் தடிப்பும் மூட்டுவலியும் கண்டன.

தம்பதியர் பெயர் 1925-ல் நோபல் பரிசுக்குப் போயிற்று. அந்த ஆண்டு மருத்துவப் பரிசு யாருக்கும் இல்லை! மருந்துக்கு அவர்கள் பேட்டண்ட் வாங்கியது பெரிய சண்டையாயிற்று. தரம் கெடாமலிருக்கவே வாங்கினோம் என்றார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் உயிர் காக்கும் மருந்துக்குப் பூட்டா என்று கேட்டவர்கள் பக்கமும் நியாயம் உண்டே.

1930-ல் அம்மையார் இரு குழந்தைகளைத் தத்தெடுத்தார். 1940-களில் பெனிசிலின் வந்ததும் குதிரைச் சீரத்துக்கு வேலை போயிற்று. 1963-ல் கலிபோர்னியாவில் காலமானார்.

கிருமி இன்னும் ஒழியவில்லை. அதன் விஷம் ரத்த அழுத்தத்தைச் சரித்து உயிருக்கே உலை வைக்கும்போது, ஆண்டிபயாட்டிக்குடன், பலர் தந்த ரத்தத்திலிருந்து திரட்டிய எதிர்ப்பொருளையும் டாக்டர்கள் ஏற்றுவதுண்டு. இப்போது குதிரை இல்லை, மனிதர்.