சீமைக்குப் போன பிள்ளை

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவிலிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன் பூன் கெங். அது யார் பேர் தெரியுமா? டாக்டர் லிம் பூன் கெங்.

1869-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். படிக்கிற வயதிலேயே தகப்பனார் காலமானார். படிப்பு நிற்க வேண்டியது; ராபிள்ஸ் பள்ளித் தலைமையாசிரியர் ஹல்லெட் கைகொடுத்தார். 1887-இல் மகாராணி உபகாரச் சம்பளம் பெற்ற முதல் சீனர் இவர்தான். கப்பலேறி எடின்பரோ போய், 1892-இல் டாக்டரானார்.

அங்கேதான் ஒரு தலைக்குனிவு. சீன எழுத்தைக் காட்டி அர்த்தம் கேட்டார்கள். வாசிக்கத் தெரியவில்லை. சீனாவிலிருந்து வந்த மாணவர்களும் ஒதுக்கினார்கள். மனுஷர் சும்மா இருக்கவில்லை. உட்கார்ந்து முன்னோர் மொழியைக் கற்றார். ஊர் திரும்பி, 1899-இல் சீனப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்க முன்னின்றார். 1921 முதல் 1937 வரை சீனாவில் அமோய் பல்கலைக்கழகத்துக்குத் தலைவர். 1957-இல் மறைந்தார்.

நமக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பர் பயிரிடத் தூண்டியவர்களில் இவரும் ஒருவர். அந்தத் தொழிலில்தான் நம் பாட்டன் பூட்டன் பால் வெட்டினார்கள்.

தோழர்களே, உபகாரச் சம்பளம் கிடைத்தால் பிள்ளையைத் தயங்காமல் அனுப்புங்கள். ஆனால், வீட்டுக்குத் தமிழில் கடிதம் எழுதத் தெரிந்து போகட்டும்.