சேஷையா சாஸ்திரியார்: ஒரு திவான் தந்த அமைதி

முடியரசில் அமைதி நிலவக் காரணங்கள் மூன்று: படைக்கு அஞ்சுதல் ஒன்று, வரியில் நியாயம் மற்றொன்று, ஜனங்களின் சம்மதம் மூன்றாவது. இவற்றுள் எது நிலைக்கும் என்றறிய அயல் தேசம் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சீர்ப்படுத்திய ஸர் அ. சேஷையா சாஸ்திரியாரின் சரித்திரமே போதும்.

தஞ்சை ஜில்லாவில் 1828-ல் பிறந்த அவர், சென்னையில் ஆங்கிலக் கல்வி கற்று, சர்க்கார் உத்தியோகத்தில் படிப்படியாக உயர்ந்தார். 1872-ல் மாதவ ராவுக்குப் பின் திருவாங்கூர் திவானானார். 1878-ல் புதுக்கோட்டை நிர்வாகத்தை ஏற்றார்.

அந்நாளில் புதுக்கோட்டைக்குப் பகைவர் பயமில்லை. தொண்டைமான் மன்னர்கள் கம்பெனியாரின் பக்கம் நின்றவர்களாதலால், எல்லைக்கு ஆங்கிலேயரே காவல். ஆயினும் உள்ளே குடிகள் அமானி முறையில் வாடினர். விளைச்சலைச் சர்க்காரும் குடியானவனும் பங்கிட்டுக் கொள்ளும் முறை அது. பங்கு பிரியும் வரை, தான் உழுது விளைத்த கதிரின்மீது உழவனுக்கே சுதந்திரமில்லை. அரசனும் இழந்தான், குடியும் இழந்தான். இடையில் நின்ற சிப்பந்திகளே கொழுத்தனர். படை காத்த அமைதியின் லட்சணம் இதுவே.

சாஸ்திரியார் அமானியை ஒழித்து, நிலத்துக்கு ரொக்கத் தீர்வை ஏற்படுத்தினார். தான் செலுத்த வேண்டியது இன்னதென்று உழவன் முன்கூட்டியே அறியலானான். 1888-ல் இனாம் நிலங்கள் வரையறை பெற்றன. புதுக்குளம் தூரெடுக்கப்பட்டது, கச்சேரிக் கட்டடங்கள் எழுந்தன. 1886-ல் ராமச்சந்திர தொண்டைமான் காலமானபின், வாரிசான மார்த்தாண்ட பைரவர் சிறுவராயிருந்த எட்டாண்டுகளும் ஆட்சிப் பொறுப்பு அவர் கையிலேயே இருந்தது.

எனினும் ஒரு குறையை மறைத்தல் முறையன்று. குடிகளுக்கு நன்மை செய்தவர், அவர்களை ஆலோசனைக்கு அழைத்தாரில்லை. மைசூரில் 1881-லேயே ஜனப் பிரதிநிதி சபை கூடியது. புதுக்கோட்டையில் அத்தகைய சபை தோன்றியது 1902-ல். சாஸ்திரியார் பதவி விலகி எட்டாண்டுகள் கழிந்திருந்தன. அதற்கும் விண்ணப்பிக்கும் உரிமையேயன்றி ஆணையிடும் அதிகாரமில்லை. 1903-ல் அவர் காலமானார்.

அவர் தந்த அமைதி அவர் திறமையில் தொங்கியது. மார்த்தாண்டர் பிற்காலத்தில் கடல் கடந்து வாழ்ந்து, 1928-ல் பாரிஸில் மாண்டார். 1931-ல் புதிய வரிகளை எதிர்த்துப் புதுக்கோட்டை நகரில் கலகம் மூண்டது. 1948 மார்ச் 3-ஆம் நாள் சமஸ்தானம் சென்னை மாகாணத்துடன் இணைந்தது.

அச்சத்தினும் நியாயமான வரி மேலானது. இதை நிரூபித்தவர் சாஸ்திரியார். ஆனால் நல்ல திவான் அமைவது குடிகளின் அதிர்ஷ்டம். நல்லாட்சியைக் கேட்டுப் பெறுவது அவர்களின் உரிமை. அதிர்ஷ்டத்தின்மீது எழுப்பிய வீடு ஒரு தலைமுறை நிற்கும்; உரிமையின்மீது எழுப்பியதே நிலைக்கும்.