மகரக்கட்டு உடைஞ்சா வேஷம் போச்சு: பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்த சங்கரதாஸ் சுவாமிகள் யார்?

ஆழ்வார்குறிச்சி, கடையம், அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளிக்கூடத்தில் நாடகம் என்றால் இன்றைக்கு இரண்டு சமயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று ஆண்டு விழா. இன்னொன்று, 2022-23 கல்வியாண்டு முதல் பள்ளிக் கல்வித் துறை நடத்திவரும் கலைத் திருவிழா. சில நாள் ஒத்திகை, ஒரு நாள் மேடை, அதோடு சரி. மறுநாள் மேக்கப்பைக் கழுவிவிட்டுக் கணக்குப் பீரியடில் உட்கார வேண்டியதுதான்.

நூறு வருஷத்துக்கு முன்னால் இதே வயசுப் பிள்ளைகள் பலருக்கு நாடகமே முழுநேரப் படிப்பாக இருந்தது. பாடம், பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் நாடகக் கம்பெனிக்குள்ளேயே. அந்தப் படிப்புக்கான பாடங்களைத் தானே எழுதி, வாத்தியாராக நின்று நடத்தியவர் சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று அவரைச் சொல்வது இதனால்தான்.

2019 நடிகர் சங்கத் தேர்தலில் பாக்யராஜ் தலைமையில் நின்ற அணிக்கு சுவாமி சங்கரதாஸ் அணி என்று பெயர். அப்போது இந்தப் பெயரை முதல்முறையாகக் கேட்டவர்கள் நிறைய பேர் இருந்திருப்பார்கள். யார் இவர்? பிள்ளைகளுக்கு அப்படி என்ன சொல்லிக்கொடுத்தார்? அதற்கு அந்தப் பிள்ளைகள் என்ன விலை கொடுத்தார்கள்?

எந்த ஊர்க்காரர்?

1867 செப்டம்பர் 7-ல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். அப்பா தாமோதரக் கணக்கப் பிள்ளை, அம்மா பேச்சியம்மாள். வைத்த பெயர் சங்கரன்.

இன்றைக்கு அந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம், ஆழ்வார்குறிச்சி தென்காசி மாவட்டம். ஆனால் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986-ல், தென்காசி பிரிந்தது 2019-ல். சுவாமிகள் பிறந்த காலத்தில் கடலோரம் இருந்த அவர் ஊரும், மலையோரம் இருக்கும் ஆழ்வார்குறிச்சியும் ஒரே திருநெல்வேலி ஜில்லா.

அப்பா தமிழ்ப் புலமை உள்ளவர். ராமாயணம் சொல்வதில் பேர் பெற்றவர். சங்கரனின் முதல் பாடம் வீட்டிலேயே தொடங்கியது. பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கணமும் இலக்கியமும் படித்தார். வெண்பாவும் சந்தப் பாட்டும் சரளமாக எழுதும் பழக்கம் அங்கே வந்தது. உடுமலை முத்துசாமிக் கவிராயர் இவருடைய சாலை மாணாக்கர்.

படித்து முடித்ததும் கிடைத்த வேலை, தூத்துக்குடிப் பக்கம் வழக்கமாகக் கிடைக்கிற வேலைதான். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். 24 வயதில் அதை விட்டுவிட்டு நாடகத்துக்குப் போனார்.

நடிகர் எப்படி வாத்தியார் ஆனார்?

ஆரம்பத்தில் அவர் நடிகர். இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன் என்று பயமுறுத்தும் வேடங்களே அதிகம். உருவமும் குரலும் அதற்குப் பொருந்தின. நாடக உலகில் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நளதமயந்தியில் சனீஸ்வரன் வேஷம் போட்டிருந்த அவரைத் திடீரென்று பார்த்த ஒரு கர்ப்பிணி அதிர்ந்துபோய்க் கரு கலைந்ததாம். அதற்குப் பிறகு அவருக்கு வேஷம் போடவே மனசு வரவில்லையாம். நடந்தது எப்படியோ, அவர் மேடையை விட்டு மேடைக்குப் பின்னால் போனார் என்பது உண்மை. குடும்ப வாழ்க்கையும் வேண்டாம் என்று துறவி போல வாழ்ந்ததால் சுவாமிகள் என்ற பெயர் நிலைத்தது.

கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை இவரை மகன் போலவே வைத்துக்கொண்டு தாள நுணுக்கங்களைக் கற்றுக்கொடுத்தார். தமிழ் பழனியில், தாளம் புதுக்கோட்டையில். பின்னாளில் பிள்ளைகளுக்கு அவர் கற்றுக்கொடுத்ததன் அடித்தளம் இந்த இரண்டும்தான்.

அன்றைய மேடை எப்படி இருந்தது தெரியுமா? பாட்டு மட்டும்தான் ஓரளவு எழுதி வைத்தது. வசனம் பெரும்பாலும் அந்தந்த நேரத்தில் நடிகர் வாயில் வருவது. இரண்டு பாட்டுக்காரர்கள் மேடையில் ஏறினால் கதையை மறந்துவிட்டுப் போட்டியில் இறங்குவார்கள். குடித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு, சொன்ன நேரத்துக்கு வராதவர்களும் உண்டு. ஒருத்தர் வரவில்லை என்றால் அன்றைய நாடகமே நின்றுவிடும்.

சுவாமிகள் பல கம்பெனிகளில் ஆசிரியராக இருந்தபோது செய்த முதல் வேலை, எழுதிக் கொடுப்பது. பாட்டு, விருத்தம், வசனம், யார் எப்போது வரணும், எப்போது போகணும் என்று முழு நாடகமும் ஏட்டில் வந்தது. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், நல்லதங்காள், லவகுசா, சதி அனுசூயா என்று அவர் எழுதியவை 68 என்று பட்டியல்கள் சொல்கின்றன. ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் தமிழுக்குத் தழுவி எழுதினார்.

ஏன் சிறுவர்கள்?

ஏடு எழுதலாம், ஆனால் பெரிய நடிகர்கள் அதன்படி பேசணுமே! பேர் வாங்கிய ராஜபார்ட்டை யார் கண்டிப்பது? அதனால்தான் சுவாமிகள் பிள்ளைகள் பக்கம் திரும்பினார் என்று நாடக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபை. அங்கே சிறுவனாகப் பயிற்சி பெற்றவர்தான் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. அடுத்து ஜெகந்நாத ஐயரின் பால மீன ரஞ்சனி சங்கீத சபையில் ஆசிரியர் வேலை. 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. பெயரில் இருக்கிற பால என்ற சொல்தான் விஷயம். நடிக்கிற எல்லோரும் பையன்கள். பெண் வேஷமும் அவர்களுக்கே. ஜனங்கள் வைத்த பெயர் பாய்ஸ் கம்பெனி.

இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்த விசித்திரமும் இல்லை. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனிலும் பையன்கள் மட்டுமே நடித்த குழுக்கள் இருந்தன. பெண் வேஷம் அங்கேயும் பையன்களுக்குத்தான்.

வகுப்பு எப்படி நடந்தது?

மைக் கிடையாது. இரவு முழுக்க நாடகம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வார்த்தை வார்த்தையாகக் கேட்கணும். ஆகவே முதல் பாடம் உச்சரிப்பு. எழுத்தே சரியாகத் தெரியாத ஆறு, ஏழு வயசுப் பிள்ளைகள்கூட இருந்ததால் வாத்தியார் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல, காது வழியாகவே பாடம் ஏறியது.

அடுத்தது யாப்பு. வெண்பாவை எங்கே நிறுத்திச் சொல்வது, விருத்தத்தை எந்த ராகத்தில் இழுப்பது, சந்தப் பாட்டில் தாளம் எங்கே விழும் என்பதெல்லாம் பாடிப் பாடியே பழகியது. திருக்குறள் போன்ற அறநூல்களையும் அவர் வசனத்துக்குள் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் போகாத ஒரு பையன் நாலு நாடகம் பாடம் பண்ணினால், கூடவே கொஞ்சம் தமிழ் இலக்கியமும் அவனுக்குள் போய்விடும்.

சுவாமிகளின் இன்னொரு குணம், கையில் இருக்கிற பிள்ளைக்கு ஏற்ற மாதிரி எழுதுவது. டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பின்னாளில் புகழ்பெற்ற அண்ணன் தம்பிகள் 1918-ல் மதுரை சபையில் சேர்ந்தார்கள். அவர்களில் டி.கே.சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அந்தச் சின்னப் பையன் கதாநாயகனாக நடிப்பதற்கென்றே அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார். சுமார் நான்கு மணி நேரம் நடக்கக்கூடிய நாடகம். ஏற்கெனவே இருக்கிற நாடகத்தில் பிள்ளையைப் பொருத்தாமல், பிள்ளையைப் பார்த்து நாடகத்தை எழுதினார். இன்றைக்குப் பள்ளியில் நாடகம் போடும் ஆசிரியர்களுக்கும் இது உதவும்.

கண்டிப்பு நிறைய இருந்தது. தப்பாகச் சொன்னால் வாத்தியார் விடமாட்டார். ஆனால் அவரிடம் படித்தவர்கள் கடைசிவரை அவரைக் குருவாகவே கும்பிட்டார்கள். சண்முகம் தன் வாழ்க்கை வரலாற்று நூலிலும், சுவாமிகளைப் பற்றித் தனியாக எழுதியதிலும் இந்த நன்றியைத்தான் பதிவு செய்தார்.

மகரக்கட்டு என்றால் என்ன?

பதிமூன்று, பதினான்கு வயதில் பையன்களுக்குக் குரல் உடையும். நாடகக்காரர்கள் இதை மகரக்கட்டு என்பார்கள். பள்ளிக்கூடத்தில் இது ஒரு கேலிப் பேச்சோடு போய்விடும். பாய்ஸ் கம்பெனியில் பிழைப்பே போய்விடும். நேற்றுவரை ஸ்திரீபார்ட்டாகக் கைதட்டல் வாங்கியவனுக்கு இன்று பாட வராது. சிலர் ராஜபார்ட்டுக்கு மாறினார்கள். சிலர் பின்பாட்டு, மேடை வேலை என்று ஒதுங்கினார்கள். சிலர் ஊருக்குத் திரும்பினார்கள், கையில் பள்ளிச் சான்றிதழ் எதுவும் இல்லாமல்.

சரி, பெற்றோர் ஏன் அனுப்பினார்கள்? பெரும்பாலும் வறுமை. கம்பெனியில் சேர்த்தால் பிள்ளைக்கு வேளைக்குச் சோறு கிடைக்கும், வீட்டுக்குக் கொஞ்சம் பணம் வரும். எம்.ஜி.ஆர் ஆரம்பப் பள்ளிப் படிப்போடு நிறுத்திவிட்டு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனதும் அப்படித்தான். 1982-ல் அவர் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அந்தப் பால்யப் பசி பேசப்பட்டது. சிவாஜி கணேசனும் இதே பாய்ஸ் கம்பெனி உலகத்தில் இருந்து வந்தவர். பி.யு.சின்னப்பா சுவாமிகளின் மதுரை சபையிலேயே இருந்தவர்.

ஜெயித்தவர்கள் பெயர் நமக்குத் தெரியும். குரல் உடைந்து திரும்பிப் போன பையன்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. சுவாமிகள் நடத்திய படிப்பின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேசணும். அவர் அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழும் இசையும் கொடுத்தார். ஆனால் மற்ற பாடங்களைக் கொடுக்கும் இடமாக கம்பெனி இருக்கவில்லை.

கடைசி நாட்கள்

1921-ல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் முடங்கியது, பேச்சும் போனது. சொல்லிச் சொல்லியே பாடம் நடத்திய வாத்தியாருக்கு வாய் பேச முடியாமல் ஆனது பெரிய கொடுமை. 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் காலமானார். அப்போது வயது 55. கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது.

அவர் போன பிறகும் பாடம் நிற்கவில்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-ல் சொந்தமாக பால சண்முகானந்த சபையைத் தொடங்கினார்கள். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வளர்ந்தது அங்கேதான். சுதந்திரப் போராட்டக் காலத்தில் விஸ்வநாத தாஸ் முருகன் வேஷத்திலேயே தேசபக்திப் பாட்டுப் பாடினார். 1940 டிசம்பர் 31-ல் சென்னையில் வள்ளி திருமணம் நடித்துக்கொண்டிருந்தபோதே மேடையில் உயிர் விட்டார். அதே வள்ளி திருமணத்தை மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் இன்றைக்கும் விடிய விடிய நடத்துகிறார்கள்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

6 முதல் 14 வயது வரை இலவச, கட்டாயக் கல்வி இன்றைக்குச் சட்ட உரிமை. பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுப் பிள்ளையைக் கம்பெனியில் சேர்க்கிற காலம் போய்விட்டது, அது நல்லதுக்குத்தான். ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தபோது நாடகம் அவர்களோடு வரவில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடங்கள். இங்கிலாந்தில் இதே வயது மாணவர் நாடகத்தை ஒரு தேர்வுப் பாடமாகவே எடுத்துப் படிக்கலாம்.

உச்சரிப்பு, மனப்பாடம், நாலு பேர் முன்னால் கூச்சமில்லாமல் நிற்பது, அடுத்தவர் வசனத்தைக் காது கொடுத்துக் கேட்பது. சுவாமிகள் சொல்லிக்கொடுத்த இவை நடிகனாகப் போகாத பிள்ளைக்கும் தேவை. அதுவும் பள்ளியில் கற்றுக்கொண்டால், குரல் உடைந்தாலும் யாரும் வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். நாடகத்தை அங்கே முறையாகப் படிக்கலாம். ஆனால் அவர் பாடம் நடத்தியது பத்து, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு. ஆழ்வார்குறிச்சியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு நாடகம் ஒரு பாடமாக வேண்டுமென்றால், இப்போதைக்கு அது கல்லூரி வயது வரை காத்திருக்கணும்.