கணக்கு வந்தது, குளிர்தான் வாட்டியது: கேம்பிரிட்ஜில் ராமானுஜனுக்கு என்ன நடந்தது?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வானம் பார்த்த பூமி. அங்கிருந்து ஒரு பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பினால், வீட்டில் எழும் முதல் கேள்வி பாடத்தைப் பற்றி இருக்காது. சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான், குளிரை எப்படித் தாங்குவான் என்பதுதான். இந்தக் கவலை புதுசு இல்லை. கணித மேதை ராமானுஜன் 1914-லேயே அதை அனுபவித்தவர்.

எப்படிப் போனார்?

ஈரோட்டில் 1887-ல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு 1913-ல் அவர் எழுதிய கடிதம்தான் வழி திறந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை தந்தது. 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார்.

அங்கே என்ன சிக்கல்?

சுத்த சைவம் என்பதால் அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டார். சில மாதங்களிலேயே முதல் உலகப் போர் வெடித்தது. காய்கறி கிடைப்பதே பெரும்பாடு ஆனது. ராத்திரியில் குளிர் தாங்காமல் ஓவர்கோட்டோடு படுத்தார். மெத்தையில் செருகியிருந்த கம்பளிகளுக்கு உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அங்கே படித்த வங்காள மாணவர் மஹலனோபிஸ்தான் அதைக் காட்டிக் கொடுத்தார்.

ஹார்டியுடன் பேச்செல்லாம் பெரும்பாலும் கணக்குதான். ஊரில் அம்மாவுக்கும் மனைவி ஜானகிக்கும் ஒத்துப்போகவில்லை. வீட்டுக் கடிதங்களும் குறைந்தன.

முடிவு என்ன?

1916-ல் பட்டம் வாங்கினார். 1917-ல் உடம்பு படுத்துவிட்டது. ஒரு மருத்துவமனை மாற்றி இன்னொன்று. மனம் உடைந்து, 1918 தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் முன் விழுந்தார். ரயிலை நிறுத்திக் காப்பாற்றினார்கள். அதே ஆண்டு மே மாதம் ராயல் சொசைட்டி உறுப்பினர், அக்டோபரில் டிரினிட்டி கல்லூரி ஃபெலோ என இரண்டு பெரிய கௌரவங்கள் வந்தன. ஆனால் உடம்பு தேறவே இல்லை. 1919-ல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் 32 வயதில் காலமானார்.

அவரை வாட்டியது பாடம் இல்லை. சமையலும் குளிரும் தனிமையும்தான். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையிடம் மார்க் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், சாப்பிட்டாயா, தூங்கினாயா, பேச ஆள் இருக்கா என்று கேளுங்கள்.

(மன உளைச்சலில் இருப்பவர்கள் தயங்காமல் 14416 அல்லது 104 எண்ணை அழைக்கலாம்.)