சி.வி. எழுதிய வீடு

கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்த தோட்டத்தின் லயங்களை 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் சரிந்து வந்த மலை மூடியது. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தவர்களுக்கு, மண்ணுக்குள் போன அந்த அறைகளின் மீது உறுதிப் பத்திரம் எதுவும் இருந்ததில்லை. அச்செய்தியைப் படித்த வேளையில் நினைவுக்கு வந்தது சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' நாவல். தொழிற்சங்கம் அமைக்க முனைந்ததற்காகத் தோட்டத்தை விட்டு விரட்டப்படும் ஒரு தொழிலாளியின் கதை அது. வேலை போனால் கூரையும் போகும் என்ற தோட்டத்து நியதியை அதைவிடத் தெளிவாகச் சொன்ன நூல் நம்மிடையே குறைவு.

சி.வி. ஊவாவைச் சேர்ந்தவரல்லர். நுவரெலியா மாவட்டத்து மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்தவர். லயத்தில் அல்ல, கங்காணி குடும்பமொன்றில் பிறந்தார் என்பதை மறைக்கத் தேவையில்லை. கொழும்பு நாலந்தாவில் கற்றார். ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். 1934இல் தாகூர் இலங்கை வந்தபோது தமது 'விஸ்மாஜினி' இசை நாடகத்தை அவரிடம் கையளித்த இளைஞர் அவர். அவ்வழியிலேயே சென்றிருந்தால் கொழும்பின் ஆங்கிலக் கவிஞர்களுள் ஒருவராக முடிந்திருப்பார். பிறந்த தோட்டம் அவரை விடவில்லை.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தலவாக்கலையில் சி.வி. வென்றார், பதுளையில் எஸ்.எம். சுப்பையா வென்றார். அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமோ, தோட்டத் தொழிலாளரை மட்டுமன்றித் தோட்ட நகரங்களில் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளி முஸ்லிம்களையும் விண்ணப்பப் படிவங்களோடு அலைய வைத்தது. வாக்காளர் போனார்கள், 1952இல் அவர்களின் பிரதிநிதிகளும் நாடாளுமன்றத்தில் இல்லை.

பதவி இழந்த அரசியல்வாதிகள் பலரை இந்நாடு கண்டிருக்கிறது. சி.வி. எழுத்தை இறுகப் பற்றிக்கொண்டார். தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய அவரது நெடுங்கவிதை ஆங்கிலத்தில் வெளிவந்து, சக்தீ பாலையாவின் தமிழாக்கத்தால் மலையக மக்களைச் சென்றடைந்தது. 1970இல் வந்த 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்ற ஆங்கில நூலில் தோட்டத்து மனிதர்களை ஒவ்வொருவராக எழுத்தில் நிறுத்தினார். அதிகாரிகளின் கோப்புகளில் வெறும் எண்ணிக்கையாக இருந்தவர்கள் அங்கே முகமும் குணமும் கொண்டவர்களானார்கள். தமிழ் நாவல்களும் எழுதினார்.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை 1885இல் எழுதிய 'அசன்பேயுடைய சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுவது. அதன் களம் எகிப்து வரை விரிந்தது. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்கள் தமிழ் நாவலில் அழுத்தமாகப் பதிவாகவோ நெடுங்காலம் சென்றது. தொலைவிலுள்ளதைக் கற்பனை செய்வதை விட அருகிலுள்ளதைக் காண்பது அரிது போலும்.

ஆயினும் சி.வி.யின் பணிகளுள் நாம் பெரிதும் கடன்பட்டிருப்பது அவர் சொந்தமாகப் படைத்தவற்றுக்கல்ல, திரட்டியவற்றுக்கு. தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து பறிப்போரின் பாட்டு, கங்காணியைக் கேலி செய்யும் பாட்டு என்பன ஏட்டில் ஏறாமல் வாய்வழியாக வாழ்ந்து வந்தவை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கவும் முடிவு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பார்க்கலாம் என விடப்பட்டது. ஒரே லயத்தில் அண்ணன் அக்கரைக்கும் தம்பி இக்கரைக்குமாகப் பிரிந்தனர். பாடத் தெரிந்த கிழவி தலைமன்னாரில் கப்பலேறினால் அவள் பாட்டும் அந்த மலையை விட்டுப் போய்விடும். அப்பாடல்களைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாக்கினார் சி.வி.

நூல் 1983இல் வெளியாயிற்று. மறு ஆண்டு அவர் காலமானார். அது அச்சேறியது இலங்கையில் அன்று, தோட்ட மக்களில் இலட்சக்கணக்கானோர் போய்ச் சேர்ந்த தமிழகத்தில்.